முக்கால் பட்டதாரிகளின் வாத்தியார் எழுதும் மடல்

அனுப்புநர்: கணிதப் பேராசிரியர் (ஓய்வு), அரசு கலைக் கல்லூரி, காவிரிக் கரையில் ஓர் ஊர்.

பெறுநர்: வெளிநாட்டுப் பட்டங்களைப் பார்வையிடும் மேசை, அமெரிக்கக் குடிவரவுத் துறை.

பொருள்: பி.எஸ்ஸி. பட்டத்தில் காணாமல் போன நான்காம் ஆண்டைக் கண்டுபிடித்துத் தருதல் – தொடர்பாக.

ஐயா அல்லது அம்மையீர்,

பணிக்காலம் முழுவதும் பி.எஸ்ஸி. கணிதம் நடத்தியவன் நான். நுண்கணிதம், இயற்கணிதம், பகுப்பியல், நிலையியல், இயக்கவியல் என்று மூன்று வருடத்தில் முடிக்க வேண்டியதை மூன்று வருடத்தில் முடித்து, பிள்ளைகள் கையில் டிகிரியைக் கொடுத்து வழியனுப்பினேன். அந்த டிகிரியில் கால் பங்கு குறைகிறது என்று தங்கள் துறை 1977-லேயே கண்டுபிடித்துவிட்டதாம். ஷா வழக்கு என்று குடிவரவு வக்கீல்கள் சொல்லும் அந்த முடிவில், இந்தியாவின் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் பொதுவாக அமெரிக்கப் பட்டத்துக்கு ஈடாகாது என்று தங்கள் மண்டல ஆணையர் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் கல்லூரிக்கு அதன் நகல் வரவில்லை. வந்திருந்தால் தகவல் பலகையில் ஒட்டியிருப்போம். ‘இங்கே முக்கால் டிகிரி வழங்கப்படும்’ என்று வாசலில் ஒரு போர்டும் மாட்டியிருப்போம்.

1977-இல் தமிழ்நாட்டில் பதினோரு வருடப் பள்ளி, அதன் பிறகு கல்லூரியில் ஒரு வருடம் பி.யு.சி. என்று இருந்தது. அடுத்த வருடமே பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்தது. அதற்குப் பிறகு செமஸ்டர் வந்தது, இன்டர்னல் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, பாடத்திட்டம் எத்தனையோ தடவை தலைகீழாக மாறியது. வக்கீல்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது அந்த 1977-ஐத்தான். கிட்டத்தட்ட ஐம்பது வருடம் ஒரு விடைத்தாளைத் திருத்தாமல் பழைய மதிப்பெண்ணையே படித்துக்கொண்டிருக்கும் பேராசிரியரை எங்கள் பல்கலைக்கழகத்தில்கூட நான் கண்டதில்லை.

தங்கள் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. பள்ளியில் 12, கல்லூரியில் 4, ஆக 16 என்பது அமெரிக்கக் கணக்கு. எங்களுக்கு 12, 3, ஆக 15. இங்கிலாந்திலும் கல்லூரி மூன்றே வருடம்தான்; ஆனால் அவர்கள் பள்ளியில் 13 வருடம் இருந்துவிடுவதால் கூட்டினால் 16 வந்துவிடுகிறது. அவர்கள் ஹானர்ஸ் பட்டத்துக்குத் தங்கள் மேசையில் தடை இல்லை. கூட்டலில் நான் குறை சொல்ல மாட்டேன். எதைக் கூட்டுகிறீர்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

எங்கள் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சிக்கலெண்கள், அணிகள், வகையீடு, தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. தங்கள் நாட்டில் பல கல்லூரிகள் முதல் வருடத்தில் நடத்தும் கால்குலஸை எங்கள் ஊர்ப் பிள்ளை பள்ளிச் சீருடையிலேயே போட்டு முடித்துவிடுகிறான். தங்கள் ஊர் மாணவரும் அதைப் பள்ளியில் படிப்பதுண்டு. அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வு எழுதினால் பல கல்லூரிகள் அதற்குக் கிரெடிட் கொடுக்கின்றன. அப்படிக் கிரெடிட்டைச் சேர்த்துக்கொண்டு மூன்றே வருடத்தில் டிகிரி வாங்கி வெளியே வரும் கெட்டிக்காரர்கள் அங்கே உண்டு. அவர்கள் டிகிரி முழு டிகிரி. அதே பாடத்தைப் பள்ளியில் படித்து, மூன்றே வருடத்தில் டிகிரி வாங்கிய கும்பகோணத்துப் பிள்ளையின் டிகிரி முக்கால் டிகிரி. தொகையீட்டில் மாறிலி ஒன்று சேர்ப்போம். தங்கள் கணக்கில் அந்த மாறிலி பிறந்த ஊர் போலிருக்கிறது.

இந்தக் கிரெடிட் என்ற அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று ஓய்வு நேரத்தில் தேடிப் பார்த்தேன். ஓய்வூதியத்திலிருந்து வந்திருக்கிறது! 1905-இல் ஆண்ட்ரூ கார்னகி கல்லூரி ஆசிரியர்களுக்குப் பென்ஷன் கொடுக்க ஒரு கோடி டாலர் ஒதுக்கினார். எந்தக் கல்லூரிக்குத் தருவது, எதற்குத் தரக் கூடாது என்று பிரிக்க அவர் அறக்கட்டளைக்கு ஓர் அளவு தேவைப்பட்டது. ஒரு பாடத்தைப் பள்ளியில் 120 மணி நேரம் படித்தால் ஒரு ‘யூனிட்’ என்று 1906-இல் வைத்தார்கள். அதன் வழியே கல்லூரியிலும் மணிக்கணக்கு நுழைந்தது. மாணவன் என்ன கற்றான் என்று பார்க்க வந்த அளவுகோல் அல்ல அது. எவ்வளவு நேரம் பெஞ்சில் உட்கார்ந்தான் என்று வாத்தியாரின் பென்ஷனுக்காக எடுத்த கணக்கு. பென்ஷன் வாங்குகிறவன் என்ற முறையில் கார்னகிக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த அறக்கட்டளையே இப்போது, ‘உட்கார்ந்த நேரத்தை அளந்தது போதும், கற்றதை அளப்போம்’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. இந்தச் சுற்றறிக்கையும் தங்கள் மேசைக்கு வந்து சேரவில்லை போலும்.

என் மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். கடைசி பெஞ்சுக்காரன். கணக்கில் கில்லாடி, வருகைப் பதிவேட்டில் மோசம். பி.எஸ்ஸி. முடித்ததும் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தான். சில வருடம் கழித்துக் கம்பெனி அவனை எச்-1பி விசாவில் அமெரிக்காவுக்கு அனுப்ப நினைத்தது. வேலைக்கு இளநிலைப் பட்டம் வேண்டும். இவனிடம் இருப்பது முக்கால். தங்கள் விதிப்புத்தகம் இந்த இடத்தில் தாய்மையோடு நடந்துகொள்கிறது. மூன்று வருட வேலை அனுபவம் ஒரு வருடக் கல்லூரிப் படிப்புக்குச் சமம் என்கிறது. மூன்று வருடப் படிப்பு, மூன்று வருட வேலை, ஆக நான்கு. பட்டம் முழுமை அடைந்தது.

இந்த விதியை நான் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். மூன்றுக்கு ஒன்று என்றால் பன்னிரண்டுக்கு நான்கு. அதாவது, கல்லூரி வாசலையே மிதிக்காமல் பன்னிரண்டு வருடம் துறையில் வேலை பார்த்துத் தேர்ந்தவருக்கு முழுப் பட்டதாரி என்ற தகுதியைத் தங்கள் விதி கொடுக்கிறது. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். கைத்தொழில் கற்றவனைப் படித்தவனுக்குச் சமமாக உட்காரவைக்கும் துணிச்சல் எங்கள் ஊரில்கூட இன்னும் வரவில்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. படிப்பை எடைபோட மதிப்பீட்டு நிறுவனம் போதும். வேலை அனுபவத்தை எடைபோட, அனுபவத்துக்குக் கிரெடிட் வழங்கும் அதிகாரம் பெற்ற ஓர் அமெரிக்கக் கல்லூரிப் பேராசிரியரின் கடிதத்தைத்தான் வக்கீல்கள் தேடுகிறார்கள். மூன்று வருடம் அவனைப் பார்த்து, திட்டி, பெஞ்சு மேல் ஏற்றி, கடைசியில் பாஸ் பண்ண வைத்த என் கையெழுத்துக்கு மதிப்பில்லை. அவன் முகத்தையே பார்த்திராத பேராசிரியர் கட்டணம் வாங்கிக்கொண்டு, காகிதங்களைப் படித்துப் பார்த்து, ‘இவர் கணினி அறிவியல் பட்டதாரிக்கு நிகரானவர்’ என்று எழுதுகிறார். அந்தப் பேராசிரியர்மேல் எனக்குப் பொறாமை ஏதும் இல்லை. நான் அந்தக் கடைசி பெஞ்சுக்காரனுக்குச் சொல்ல நினைத்து வாய்வரை வந்ததும் இதே வார்த்தைதான்.

ஆக, அவன் போய்ச் சேர்ந்தான். வருடங்கள் ஓடின. குழந்தை அங்கேயே பிறந்தது. கம்பெனி இப்போது கிரீன் கார்டுக்குப் போடலாம் என்றது. இங்கேதான் தங்கள் விதிப்புத்தகத்தின் அடுத்த அத்தியாயம் தொடங்குகிறது. இபி-2 என்ற இரண்டாம் வரிசைக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும். அல்லது இளநிலைப் பட்டமும் அதற்குப் பிறகு படிப்படியாக உயர்ந்த ஐந்து வருட அனுபவமும் வேண்டும். அனுபவம் அவனிடம் ஐந்துக்கு மேலேயே இருக்கிறது. இளநிலைப் பட்டம்தான் இல்லையாம்! எச்-1பி கேட்டபோது இருந்த பட்டம் எங்கே போனது? அது அனுபவம் ஒட்டுப்போட்ட பட்டம். வேலைக்குச் செல்லும், குடியேற்றத்துக்குச் செல்லாது. ஒரே பட்டமாக, ஒரே இடத்தில், நான்கு வருடமாக இருக்க வேண்டும். டிப்ளமோவைச் சேர்க்கக் கூடாது, அனுபவத்தைச் சேர்க்கக் கூடாது.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாண வீட்டில் சமையலுக்கு ஆள் பிடிக்கும்போது கைப்பக்குவம் மட்டும்தான் பார்ப்பார்கள். அதே ஆள் இலை போட்டுப் பந்தியில் உட்காரப் போனால்தான் ‘நீ யார், எந்த ஊர், எந்தத் தெரு’ என்று விசாரணை நடக்கும். அந்த வழக்கத்தை ஒழிக்க இங்கே பலர் வாழ்நாளையே செலவழித்தார்கள். அது கப்பலேறித் தங்கள் விதிப்புத்தகத்தில் குடியேறியிருக்கும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாம் வரிசையில் இடமில்லை என்றால் மூன்றாம் வரிசை இருக்கிறது. அதிலும் பட்டம் கேட்கும் பிரிவுக்குப் போகாமல், தேர்ந்த தொழிலாளி என்ற பிரிவில் நுழையலாம். கம்பெனி மனுவை ஆரம்பத்திலேயே அதற்கேற்றபடி எழுதியிருக்க வேண்டும். சரி, இந்த இரண்டு வரிசைக்கும் நடுவே இவ்வளவு பெரிய சுவர் எழுப்பி, அதில் வக்கீலையும் பேராசிரியரையும் மதிப்பீட்டாளரையும் காவலுக்கு நிறுத்தியிருக்கிறீர்களே, சுவரின் இரண்டு பக்கமும் வரிசை எப்படி நகர்கிறது என்று பார்த்தேன். 2025-இன் நடுவில் இந்தியர்களுக்கான இரண்டாம் வரிசை 2013 ஜனவரிக்கு முன் மனுப் போட்டவர்களோடு நின்றது. மூன்றாம் வரிசையும் 2013-இல்தான் நின்றது. அதுவும் இரண்டாம் வரிசையைவிடச் சில மாதம் முன்னேறி! எந்த நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பு இரண்டு வரிசையையும் ஒன்றுபோலவே கட்டிப் போட்டிருக்கிறது. முழுப் பட்டதாரியும் முக்கால் பட்டதாரியும் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். சமத்துவம் என்ற பாடத்தைத் தாங்கள் நடத்தும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

மதிப்பீட்டு நிறுவனங்களைப் பற்றியும் நாலு வார்த்தை. தங்கள் மத்தியக் கல்வித் துறை வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடுவதில்லை. அந்த வேலையைத் தனியார் செய்கிறார்கள். அதற்கு மத்திய அரசு உரிமம் எதுவும் கிடையாது. அவர்களில் சிலர் சேர்ந்து 1987-இல் ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஒரு நிறுவனம் ‘சமம்’ என்று எழுதும் அதே டிகிரிக்கு இன்னொரு நிறுவனம் ‘மூன்று வருடக் கல்லூரிப் படிப்பு’ என்று எழுதும். எங்கள் பல்கலைக்கழகத்தில் இரண்டு திருத்துநர்கள் இவ்வளவு வித்தியாசமாக மதிப்பெண் போட்டால் மூன்றாமவரிடம் தாளைக் கொடுப்போம். தாங்கள் அதையும் செய்வதில்லை. இந்த அறிக்கைகள் எல்லாம் ஆலோசனைக்குத்தான், எங்களைக் கட்டுப்படுத்தாது என்று 1988-லேயே இன்னொரு முடிவில் எழுதிவிட்டீர்கள். அறிக்கை இல்லாமல் மனுவை எடுத்துக்கொண்டு வந்தால் ‘அறிக்கை எங்கே’ என்பீர்கள். கொண்டுவந்தால் ‘இது வெறும் அபிப்பிராயம்’ என்பீர்கள். மாமியார் தோற்றாள்.

அந்த அறிக்கைக்கு மூலப்பொருள் எங்கள் பக்கத்திலிருந்து வர வேண்டும். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே உறையில் போட்டு ஒட்டி முத்திரை வைத்துத் தர வேண்டும் என்பது சில நிறுவனங்களின் விதி. கடைசி பெஞ்சுக்காரனின் அப்பா ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். அவருக்குத் துணையாக ஒரு பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நானும் போனேன். கட்டணம் கட்டும் கவுண்டர் ஒரு கட்டடம், ரசீது காட்டும் கவுண்டர் இன்னொரு கட்டடம். பழுப்பு நிறக் கவர் வந்தது. மடிப்பின் மேல் பாதியும் உறையின் மேல் பாதியுமாக ஊதா முத்திரை. அதன் மேல் அழுந்த ஒட்டிய செல்லோ டேப். பெரியவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “பேரு சரியா இருக்கான்னு பிரிச்சுப் பாத்துக்கலாமா சார்?” என்று கேட்டார். “பிரிச்சா செல்லாதுங்க” என்றார் எழுத்தர். “தப்பா இருந்தா எப்படித் தெரியும்?” “அமெரிக்காக்காரன் சொல்லுவான்.” அதோடு எழுத்தர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

பெரியவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. டிகிரியில் மகன் பெயர் கு. மாரியப்பன். அந்தக் ‘கு’ பெரியவர், குமாரசாமி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டான். இப்போது அங்கே ஆபீசில் அவனை ‘மிஸ்டர் குமாரசாமி’ என்று கூப்பிடுகிறார்கள். டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்ற பெரியவருக்கு அமெரிக்காவில் சாப்ட்வேர் வேலை கிடைத்திருக்கிறது. மாரியப்பனுக்காவது இரண்டு பெயர் இருந்தது. என்னிடம் படித்த இன்னொருத்தி பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரை மட்டும் போட்டு அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதிவிட்டாள். விசாவில் அவள் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகி வந்தது. முதற்பெயர் தெரியவில்லை என்று பொருளாம். மூன்று வருடம் வருகைப் பதிவேட்டில் தினமும் கூப்பிட்ட பெயர் எனக்குத் தெரியும், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எங்கள் டிகிரியை முக்கால் என்று சொல்லிக்கொண்டே தங்கள் நாடு இப்போது என்ன செய்கிறது என்பதையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிரிகாம் யங் பல்கலைக்கழகம்-ஐடஹோ என்ற பல்கலைக்கழகத்துக்கு, 120 கிரெடிட்டுக்குப் பதில் தொண்ணூற்றுச் சொச்சம் கிரெடிட்டிலேயே இளநிலைப் பட்டம் வழங்க 2023-இல் அங்கீகாரம் கிடைத்தது. ரோட் ஐலண்டில் ஜான்சன் அண்டு வேல்ஸ் பல்கலைக்கழகம் 2024-இல் அதே அனுமதியை வாங்கியது. படிப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை, விருப்பப் பாடங்களைக் குறைத்தால் மூன்று வருடத்தில் முடித்துவிடலாம் என்கிறார்கள். நல்ல யோசனை. நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததுதான். ஒரே ஒரு சந்தேகம்: ஐடஹோவில் மூன்று வருடம் படித்துப் பட்டம் வாங்கியவர் ‘அமெரிக்கப் பட்டதாரி’ என்பதால் தங்கள் மேசையில் முழுசாகவே தேறிவிடுவார். அப்படியென்றால் எங்கள் பிள்ளைகளிடம் இல்லாதது நான்காம் வருடம் அல்ல, அமெரிக்க முகவரிதான் என்று சொல்லிவிடலாமே. வெட்டிப் பேச்சு குறையும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தீர்வு சொல்லாமல் போனால் வாத்தியாருக்கு அழகல்ல. எனவே இரண்டு யோசனைகள்.

முதலாவது, விடுபட்ட நான்காம் வருடத்தை நாங்களே நடத்தித் தருகிறோம். பாடத்திட்டம் தயார். முதல் தாள், மூன்று வருட வேலை ஒரு வருடப் படிப்பாகும் விதியின் நிறுவல். இரண்டாம் தாள், அதே விதி கிரீன் கார்டில் ஏன் பொருந்தாது என்பதன் நிறுவல். இந்த இரண்டையும் ஒரே விடைத்தாளில் முரண்பாடு இல்லாமல் எழுதிக் காட்டுகிறவனுக்கு முழுப் பட்டம் என்ன, டாக்டர் பட்டமே கொடுத்துவிடலாம்.

இரண்டாவது யோசனை சிக்கனமானது. பட்டத்தைத் திருத்த வேண்டாம், கணக்கை மட்டும் நேராக்கினால் போதும். பாதிப் பட்டத்துக்குப் பாதி, முக்கால் பட்டத்துக்கு முக்கால் என்று எல்லாவற்றிலும் ஒரே விகிதம் இருக்கட்டும். மாரியப்பனின் சம்பளத்தில் வருமான வரியை முழுசாகப் பிடிக்கிறீர்கள். சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2 சதவீதம் முழுசாகப் பிடிக்கிறீர்கள். அதில் பென்ஷன் கிடைக்கப் பத்து வருடம், அதாவது நாற்பது கிரெடிட், சேர்த்திருக்க வேண்டும். இந்தியாவோடு தங்களுக்கு அதற்கான ஒப்பந்தம் இல்லாததால், எட்டு ஒன்பது வருடம் கட்டிவிட்டுத் திரும்பி வருகிறவன் கட்டியது தங்களுக்கே. இந்த இடத்தில் மட்டும் வேறு கணக்கா? வரி பிடிக்கும்போது மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு மூன்று என்று எந்தக் கழிவும் இல்லை. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் என்று தங்கள் அதிபர் அறிவித்தபோதும், பி.எஸ்ஸி.காரனுக்கு 75,000 என்று யாரும் சொன்னதாக நான் படிக்கவில்லை.

ஆகையால், மூன்றாண்டுப் பட்டதாரிகளிடம் முக்கால் வரியும் முக்கால் கட்டணமும் மட்டும் வாங்கிக்கொண்டு, முன்பு அதிகமாகப் பிடித்த கால் பங்கை வட்டியோடு திருப்பித் தர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குத் தங்கள் கருவூலம் சம்மதிக்காது என்றால், வேறு வழியில்லை, அவர்கள் பட்டத்தை முழுப் பட்டமாக ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டில் எது தங்களுக்கு மலிவு என்று கணக்குப் போட உதவி தேவைப்பட்டால் எழுதுங்கள். மூன்று வருடம் கணிதம் படித்த பிள்ளைகள் இங்கே நிறைய இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
முக்கால் பட்டதாரிகளை உருவாக்கி
முழுப் பென்ஷன் வாங்கும்
கணக்கு வாத்தியார்